உட்காரக் கிளை இல்லாத தேன்சிட்டு

சிவப்பு பிளாஸ்டிக்கில் செய்த புட்டி அது. அதன் அடிப்பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் பிளாஸ்டிக் பூக்கள் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பூவின் நடுவிலும் ஊசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அமெரிக்காவில் மகன் வீட்டில் பாதி வருடம் இருந்துவிட்டுத் திரும்பிய டைம் ஆபீஸ் சார், பெட்டியைத் திறந்ததும் முதலில் எடுத்தது அதைத்தான். ஒரு துண்டில் சுற்றி, அந்தத் துண்டை ஸ்வெட்டருக்குள் சுருட்டி, கைக்குழந்தையைக் கொண்டுவருவதுபோல் கொண்டுவந்திருந்தார். பங்களா முன்னால் நிற்கும் கொய்யா மரத்தில் அதைக் கட்டித் தொங்கவிடச் சொன்னார். கட்டினேன். சர்க்கரைத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். "இனிமே பாரு, ஹம்மிங் பேர்டு எல்லாம் கியூவுல நிக்கும்" என்றார். மறுநாள் காலையில் கியூவில் நின்றவை கட்டெறும்புகள்.

டைம் ஆபீஸ் சார் என்று ஊரே அவரைச் சொல்லும். தங்கச் சுரங்கம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் நந்திதுர்க்கில், சுரங்கத்துக்குள் இறங்கும் குழியான ஷாஃப்டுக்குப் பக்கத்தில் இருந்த டைம் ஆபீஸில் அவருக்கு வேலை. கீழே இறங்குகிறவர்கள் ஷிஃப்டுக்கு முன்னால் அந்த ஜன்னலில் வரிசையாக நின்று டோக்கன் வாங்குவார்கள். மேலே ஏறி வந்ததும் அதே ஜன்னலில் திருப்பிக் கொடுப்பார்கள். யார் இறங்கினான், யார் ஏறினான், யார் இன்னும் ஏறவில்லை என்பது அந்த ஜன்னலுக்குத்தான் தெரியும். இவ்வளவு பெரிய பொறுப்பில் உட்கார்ந்திருந்த மனிதர், நம்பரைப் பார்ப்பாரே தவிர முகத்தைப் பார்த்ததில்லை என்று என் அப்பா சொல்லுவார். அப்பா வருடக்கணக்காக அந்த ஜன்னலில் நின்றவர். ஒருநாள் ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவில் வணக்கம் சொன்னபோது, "நீ யாருப்பா?" என்று சார் கேட்டாராம். அப்பா டோக்கன் நம்பரைச் சொன்னதும், "ஓ, நீயா" என்று மலர்ந்தாராம். வீட்டில் எங்களுக்கு இது ரொம்ப நாள் சிரிப்புக்கதையாக இருந்தது. பிற்பாடுதான் அதில் சிரிக்க ஒன்றும் இல்லை என்று எனக்குப் பட்டது.

சுரங்கத்தை மூடிய பிறகு ஊரில் பாதிப் பேர் பெங்களூர் ரயிலில் தொங்க ஆரம்பித்தார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். புது ஆட்களிடம் வாய் திறந்து பேசக் கூசுகிறவன். பெங்களூருக்குப் போய் யாரிடமும் வேலை கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. சார் வீட்டில் தோட்ட வேலைக்கு ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். செடிக்குத் தண்ணீர் விடுவது, சுண்ணாம்பு அடிப்பது, கடைக்குப் போய் வருவது என்று எல்லாம் செய்தேன். நான் பேசாமல் இருப்பதை மரியாதை என்று அவர் எடுத்துக்கொண்டார். அவரிடம் நான் வேலையில் நீடித்ததற்கு அதுதான் காரணம்.

நம் ஊரில் ஹம்மிங் பேர்டு கிடையாது. நம்மிடம் இருப்பது தேன்சிட்டு. கட்டைவிரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும், வளைந்த மூக்கு, ஆண் குருவியின் கழுத்தில் வெயில் பட்டால் ஊதாவும் பச்சையும் மாறி மாறி அடிக்கும். செம்பருத்தியிலும் இட்லிப் பூவிலும் வந்து உட்காரும். ஒரு காம்பைப் பிடித்துக்கொண்டு, தலைகீழாகத் தொங்கியாவது உட்கார்ந்துதான் தேன் குடிக்கும். அந்தரத்தில் நின்று குடிக்கிற வித்தை அமெரிக்கக் குருவிக்கு. இதைச் சாரிடம் அவர் மகனே போனில் சொன்னான். சார் போனைச் சத்தமாக வைத்துப் பேசுகிறவர். நான் ஜன்னலுக்கு வெளியே தொட்டிக்கு மண் கொத்திக்கொண்டிருந்தேன்.

"அப்பா, அது சன்பேர்டு. இண்டியாவுல ஹம்மிங் பேர்டே இல்ல."

"ரெண்டும் ஒரே ஜாதிதாண்டா. இது கொஞ்சம் சோம்பேறி, அவ்ளோதான்."

"சோம்பேறியா?"

"உக்காந்து குடிக்கிதே. உக்கார எடம் குடுத்தா உக்காரத்தான் செய்யும். நம்ம ஊரு லேபர் மாதிரி."

மகன் அந்தப் பக்கம் என்ன சொன்னானோ, சார் சிரித்தார். போனை வைத்துவிட்டு வெளியே வந்து, கத்தரியை எடுத்துவரச் சொன்னார்.

அன்றைக்கு ஆரம்பித்தது அந்த அபத்தம். பூவைச் சுற்றிக் குருவி கால் வைக்கக்கூடிய காம்பு எது எது என்று விரல் நீட்டிக் காட்டுவார். நான் வெட்ட வேண்டும். செம்பருத்திச் செடியில் பூ மட்டும் ஒற்றைக் குச்சியில் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். பக்கத்தில் இலை இல்லை, மொட்டு இல்லை, காம்பு இல்லை. குருவி வரும். பழைய இடத்தில் காலை வைக்கப் பார்க்கும். இடம் இருக்காது. பதறிப்போய் இரண்டு மூன்று தடவை இறக்கையை அடித்துக்கொண்டு பூவுக்கு முன்னால் தத்தளிக்கும். அந்த நொடியில் சார் காமிராவை அமுக்குவார். பட்டாணி வறுக்கிற மாதிரிச் சத்தம் வரும். குருவி பூவை விட்டுவிட்டுப் போய்விடும். "பாத்தியா, நிக்கிது, அந்தரத்துல நிக்கிது" என்பார். விழாமல் இருக்க ஒரு உயிர் படுகிற பாட்டை, நிற்கிறது என்று ஒருவர் சொல்லுவதை அதற்கு முன் நான் கேட்டதில்லை. பூவுக்குப் பின்னால் அம்மாவுடைய பழைய கறுப்புச் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் என் வேலை. அம்மா என்றால் சாருடைய மனைவி. அவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "ஏம்பா, உனக்குக் கை வலிக்கலயா? அந்தக் குருவிக்காச்சும் பறந்து போக ரெக்க கீது" என்று சொல்லிவிட்டு உள்ளே போவார். அந்த வீட்டில் சிரிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அடுத்த வருடமே இறந்துபோனார்.

படம் எடுப்பது பாதி வேலை. மீதி வேலை சாயங்காலம் கம்ப்யூட்டரில் நடக்கும். தத்தளிக்கிற குருவியைப் படமெடுத்தால் கலங்கலாகத்தானே வரும். அதைச் சார் ஒத்துக்கொள்ள மாட்டார். திரையில் ஒரு கோடு இருக்கும். கோட்டில் ஒரு குமிழ். குமிழை வலப்பக்கம் தள்ளத் தள்ளக் கலங்கல் குறைந்து படம் கூர்மையாகும் என்றார். முதலில் கொஞ்சம் தள்ளியபோது எனக்கே நன்றாக இருந்தது. குருவியின் கண்ணில் ஒரு உயிர் வந்தது. அங்கே நிறுத்தியிருக்கலாம். சார் நிறுத்துகிறவர் இல்லை. தள்ளிக்கொண்டே போவார். இறகெல்லாம் கம்பியாகும். குருவியைச் சுற்றி வெள்ளையாக ஒரு விளிம்பு எழும்பி, கத்தரியால் வெட்டிச் சுவரில் ஒட்டியதுபோல் ஆகும். பின்னால் இருக்கிற கறுப்புச் சேலை ரவை கொட்டியதுபோல் பொரிப்பொரியாகும். அப்புறமும் ஒரு காம்பு மிச்சம் இருந்தால் அதையும் துடைத்து எடுத்துவிடுவார். கடைசியில் கறுப்பு வெளியில், ஒன்றையும் பிடிக்காமல், இரும்புக் குருவி ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். நாற்காலியைத் திருப்பி, "எப்பிடி?" என்பார். "நல்லா கீது சார்" என்பேன். குமிழைத் தள்ளியும் சரிவராத படங்களை உடனே அழித்துவிடுவார். "மங்கலா இருக்கறத வெச்சிக்கிட்டு இன்னா பண்றது? எடத்த அடைக்கும்" என்பது அவர் கொள்கை.

ரிட்டையரான ஆபீஸர்கள் போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். காலையில் அதில் ஒரு குருவியைப் போடுவார். மத்தியானத்துக்குள் எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிடுவார்கள். ஒருவர் போட்ட சாமிப்படத்துக்கு இவர் கட்டைவிரல். இவருடைய குருவிக்கு அவர் கட்டைவிரல். இப்படி மாறி மாறிச் சொறிந்துகொண்டதில், சார் தன்னை ஒரு கலைஞர் என்றே நம்பிவிட்டார். பழைய கிளப் கூடத்தில் படங்களைப் பெரிதாகப் போட்டு ஒரு கண்காட்சிகூட வைத்தார். மாட்டியவன் நான். பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் வந்து, ஒவ்வொரு படமாக நின்று பார்த்துவிட்டு, "சார், இந்த பொம்மைங்கள எங்க வாங்குனீங்க?" என்று உண்மையாகவே கேட்டார். சார் அவருக்கு டீ கொடுக்க வேண்டாம் என்று என்னிடம் சாடை காட்டினார்.

அவரைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது. அவரவர் தோட்டத்தில் அவரவர் கிறுக்கு. ஆனால் அந்தக் குமிழ் எங்கள் வீட்டுக்குள் வந்தது.

என் அக்கா சாம்பியன் ரீப்ஸில், சுரங்க ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீட்டில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர், என் மாமா, சுரங்கத்தில் கீழே வேலை செய்தவர். நெஞ்சில் தூசி கட்டி, இருமி இருமிச் செத்தார். அப்போது அவர்கள் மகள் தவழ்கிற குழந்தை. அப்பா முகம் அவளுக்குத் தெரியாது. மாமா தனியாக எடுத்துக்கொண்ட படம் ஒன்றுகூட இல்லை. கல்யாணத்தன்று எடுத்ததெல்லாம் ஒரு மழையில் கூரை ஒழுகி நாசமாகிவிட்டது. மிஞ்சியது ஒரே படம். ஆயுத பூஜையன்று ஷாஃப்டுக்கு முன்னால் ஒரு ஷிஃப்ட் ஆட்கள் எல்லாரும் வரிசையாக நின்று எடுத்தது. இரண்டாவது வரிசையில் மாமா. முகம் சுண்டுவிரல் நகம் அளவுக்குத்தான் இருக்கும். படம் பிடிக்கும்போது லேசாகத் திரும்பியிருக்கிறார் போல, கொஞ்சம் கலங்கல். ஆனால் இடது புருவத்துக்கு மேலே இருக்கிற தழும்பு தெரியும். கீழே வேலைக்குப் போன புதிதில் கல் தெறித்துப்பட்ட காயம். காயத்துக்குள் போன பாறைத் தூளோடு தோல் மூடிக்கொண்டதால் அவரை விதை அளவுக்குக் கருநீலமாக நின்றுவிட்டது. சுரங்கத்துக்குள் போனவர்களில் பாதிப் பேருக்கு அப்படி எங்கேயாவது ஒன்று இருக்கும். ஷிஃப்ட் முடிந்து ஆண்கள் கும்பலாகத் திரும்பும்போது எல்லா முகமும் ஒரே சாம்பலாக இருக்கும். வாசலில் நிற்கிற அக்கா, தன் ஆள் நெற்றி வியர்வையைத் துடைக்கிறபோது அந்தக் கருநீலத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பாள். கண்டுபிடித்ததும் உள்ளே போய் வெந்நீர் இறக்குவாள். அவர்கள் குடித்தனம் நடந்ததெல்லாம் அந்தத் தழும்பை அடையாளம் வைத்துத்தான் என்று சொன்னால் மிகையில்லை.

அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவள் பெங்களூரில் ஒரு கம்பெனிக்குக் காலை ரயிலில் போய்வருகிறவள். அப்பா இல்லாத பெண்ணுக்குக் கல்யாணம் என்றால், மேடையில் ஒரு நாற்காலி போட்டு அதில் அப்பாவின் படத்தை மாலை போட்டு வைப்பார்கள். தாலி கட்டியதும் பெண்ணும் மாப்பிள்ளையும் அந்தப் படத்தின் காலில் விழுந்து எழுந்திருப்பார்கள். அதற்குப் பெரிய படம் வேண்டும். பெண் முதல்தடவையாகத் தன் அப்பாவை முகத்துக்கு முகம் பார்க்கப்போகிற படம் அது. "எனக்கு வேற ஒண்ணும் வேணாம்மா, எங்கப்பா மூஞ்சி நல்லா தெரியணும், அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டாள். அக்கா அந்தப் படத்தைச் சட்டத்தோடு துணியில் கட்டி என் கையில் கொடுத்தாள்.

"உங்க சாரு படமெல்லாம் பெருசு பண்ணுவாருன்னியே. குடுத்துப் பாரேன்."

"ஸ்டுடியோவுல குடுக்கலாம்க்கா."

"ஸ்டுடியோக்காரன் பாத்துட்டு ஆவாதுன்னுட்டான். உனுக்கு இன்னா, கேக்க வெக்கமா? நான் வேணா வந்து கேக்கட்டா?"

நானே கேட்டேன். சாருக்கு அவ்வளவு சந்தோஷம். இரண்டாவது வரிசையைக் காட்டி யார் என்று சொன்னேன். மூக்குக் கண்ணாடியைத் தூக்கி உற்றுப் பார்த்து, "இதெல்லாம் எனக்கு ஜுஜுபி. என் மகன் புதுசா ஒரு சாஃப்ட்வேர் அனுப்பியிருக்கான். இல்லாததையும் அதுவே போட்டுக் குடுக்கும்" என்றார். இல்லாததை எதற்குப் போட வேண்டும் என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. வழக்கம்போல் தோன்றியதோடு சரி.

ஒரு வாரம் கழித்துப் பெரிய சட்டத்தில் போட்டுத் தன் கையாலேயே காகிதத்தைப் பிரித்துக் காட்டினார். ஒரு மனிதர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு இமை முடியும் தனித்தனியாகத் தெரிந்தது. மீசை வாரிவிட்டதுபோல் இருந்தது. உதட்டில் ஈரம் மின்னியது. தோல், சோப்பு விளம்பரத்துத் தோல். தலையைச் சுற்றிக் குருவிக்கு வருகிற அதே வெள்ளை விளிம்பு. நெற்றி வழவழவென்று, கழுவி வைத்த தட்டுபோல் இருந்தது. இவர் என் மாமா இல்லை. மாமாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று யாராவது சொன்னால் நம்பலாம்.

"எப்பிடி?" என்றார்.

அன்றைக்கு நான் "நல்லா கீது சார்" என்று சொல்லவில்லை. அதை அவர் கவனிக்கவும் இல்லை. மூலப் படத்தைத் திருப்பிக் கொடுத்தார். முதலில் கண்ணாடியோடு எடுத்ததில் வெளிச்சம் அடிக்கிறது என்று, அப்புறம் கண்ணாடியைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். வருடக்கணக்கில் ஈரம் ஏறி ஒட்டியிருந்த படம். இரண்டாவது வரிசை தோல் உரிந்ததுபோல் கண்ணாடியோடு போய்விட்டது. "அது போனா போவுதுப்பா. எப்பிடியும் மங்கலாத்தான இருந்துச்சு. அதான் இப்ப ஃபர்ஸ்ட் கிளாஸா வந்துடுச்சே" என்றார்.

அக்கா வீட்டில் காகிதத்தைப் பிரித்தபோது பெண் ரயிலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். பையைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்து படத்தையே பார்த்தாள். "மாமா, எங்கப்பா செம ஸ்மார்ட்டு" என்று என்னிடம் சொன்னாள். போனில் படமெடுத்து மாப்பிள்ளைக்கு அனுப்பினாள். அக்கா அடுப்பங்கரை வாசலில் நின்று பார்த்தாள். கிட்டே வரவில்லை. பெண் குளிக்கப் போனபிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"இது யாருடா?"

"சாரு கொஞ்சம் சரி பண்ணியிருக்காருக்கா."

"சரி பண்ண அவருகிட்ட இன்னா கோளாறு இருந்திச்சு? நெத்தி எங்க?"

"தூசின்னு நெனச்சு எடுத்திருப்பாரு."

"இத்தினி வருசம் ஜன்னல்ல உக்காந்து தெனம் இவங்க மூஞ்சியத்தான பாத்தாரு. தூசின்னா நெனப்பாரு?" என்றாள். அப்புறம், "அவகிட்ட ஒண்ணும் சொல்லாத. ஆசையா பாக்குறா" என்று சொல்லிவிட்டு வெங்காயம் அரிய உட்கார்ந்தாள்.

அவள் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. மறுநாள் வாழ்க்கையில் முதல்தடவையாகச் சாரிடம் நானாகப் போய் நின்றேன். குமிழைத் தள்ளுவதற்கு முன்னால் இருந்த படம், காமிராவில் முதலில் எடுத்த படம், கலங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, வேண்டும் என்றேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு முதுகு நனைந்துவிட்டது.

"அதையா? அழிச்சிட்டேனே. நல்லது வந்தப்புறம் அது எதுக்கு?"

"நெத்தியில ஒரு தழும்பு இருக்கும் சார். கீழ அடிபட்டது. அத மட்டும் திரும்ப…"

"தழும்பா அது? நான் அழுக்குன்னு நெனச்சேன். அப்ப எடுத்தது இன்னும் நல்லதாப் போச்சு. கல்யாணத்துல போயி எவனாச்சும் தழும்போட நிப்பானா?"

கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். திரையில் ஒரு குருவி. அதன் காலடியில் இருந்த கிளையைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் என்று சொல்ல முடியாது. கோபப்படுவதற்கு எதிராளி கொஞ்சமாவது பெரிய ஆளாக இருக்க வேண்டும். எனக்கு வந்தது, சாப்பாட்டில் முடி கிடந்தால் வருமே, அது. அந்த மாதத்தோடு வேலையை விட்டேன்.

கல்யாணம் ஆண்டர்சன்பேட்டையில் ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. ஆட்கள் வருவதற்கு முன்பே அக்கா மேடைக்குப் போய், நாற்காலியில் வைத்திருந்த படத்தின் முன்னால் குனிந்து நின்றதைப் பார்த்தேன். மஞ்சள் குங்குமம் வைக்கிறாள் என்று நினைத்தேன். கிட்டே போனபோதுதான் தெரிந்தது. கண்ணாடியின் மேல், இடது புருவத்துக்கு மேலே, கண்மையை விரலால் தொட்டு அவரை விதை அளவுக்கு ஒரு தீற்றல். அவ்வளவுதான். சோப்பு விளம்பரத்து ஆள் போய், அந்த இடத்தில் பாதியாவது என் மாமா வந்து உட்கார்ந்திருந்தார். பார்க்கிறவர்கள் திருஷ்டிப்பொட்டு என்று நினைத்துக்கொண்டு போனார்கள். பெண்ணும் அப்படித்தான் நினைத்திருப்பாள்.

சாரையும் அழைத்திருந்தோம், படம் செய்து கொடுத்தவர் ஆயிற்றே. கழுத்தில் காமிராவோடு வந்தார். தாலி கட்டி முடிந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் அப்பாவின் படத்தை நோக்கித் திரும்பினார்கள். சார் முன்னால் போய்க் காமிராவைத் தூக்கினார். தூக்கியவர் இறக்கினார். "யாரோ அழுக்குக் கைய வெச்சிருக்காங்க பாரு" என்று சொல்லிக்கொண்டே பைக்குள்ளிருந்து கைக்குட்டையை எடுத்து, கண்ணாடியின் மேல் ஊதி, அந்த மையைத் துடைத்தார். சுத்தமாகத் துடைத்தார். அதில் அவருக்கு ஒரு தேர்ச்சி உண்டு.

மேளம் அடித்துக்கொண்டிருந்தது. அக்கா எழுந்து வந்தாள். நாலு பேருக்கு எதிரில் தலைநிமிர்ந்து பேசி நான் பார்க்காத அக்கா.

"கைய எடுங்க சார்."

"அழுக்குமா, நான் கிளீன்…"

"அது அழுக்கில்ல. அது எங்க ஊட்டுக்காரரு. நீங்க தொடச்சீங்களே, அது மட்டுந்தான் அவரு. மிச்சம் இருக்கறது யாருன்னு எனக்குத் தெரியாது."

சத்தமாகச் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் கேட்டது. சார் கைக்குட்டையை மடித்தார். "சரி சரி, சென்டிமென்ட்" என்று மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார். மாப்பிள்ளை சிரிக்கவில்லை.

பெண் அம்மாவைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அழகாக இருக்கிறது என்று அவள் சொன்னபோது அம்மா ஏன் கிட்டே வரவில்லை என்பதும் அந்த நொடியில் சேர்ந்து புரிந்திருக்க வேண்டும். முகம் அப்படி மாறியது. தன் கண்ணோரத்தில் இருந்த மையை மோதிர விரலால் எடுத்தாள். மாலையோடு குனிந்தாள்.

"எங்க வெக்கணும்மா?"

"எடது பக்கம். புருவத்துக்கு மேல."

"இங்கயா?"

"இன்னும் கொஞ்சம் ஓரமா. ஆங், அங்கதான்."

அப்பாவின் முகத்தில் அவள் கை பட்டது அதுதான் முதல்தடவை. வைத்துவிட்டு, மாப்பிள்ளையோடு காலில் விழுந்தாள். விழுந்தவள் எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆனது. இவ்வளவும் நடக்கும்போது சாருடைய காமிரா பட்டாணி வறுத்துக்கொண்டிருந்தது.

சில மாதங்கள் கழித்து அவருக்குக் கண்ணில் புரை என்றார்கள். இரண்டு கண்ணிலும் நன்றாக முற்றியிருந்ததாம். "பாவம், எல்லாம் மங்கலா தெரிஞ்சதாலதான் அந்தாளு அப்பிடித் தள்ளித் தள்ளி ஷார்ப் பண்ணியிருக்காரு" என்று அவர் வீட்டுச் சமையல்காரம்மா என்னிடம் சொன்னார். இருக்கலாம். ஆனால் ஜன்னலில் உட்கார்ந்திருந்த காலத்தில் அவர் கண்ணில் புரை இல்லை. ஆபரேஷன் முடிந்து, பார்வை பளிச்சென்று வந்தபிறகும் அவர் சுவரில் அந்த இரும்புக் குருவிகள் அப்படியேதான் தொங்கின, ஒன்றைக்கூட இறக்கவில்லை. ஆகவே எனக்குப் பரிதாபம் வரவில்லை. வரவழைக்கவும் நான் முயற்சி செய்யவில்லை.

பிறகு அவர் மகனோடு ஒரேயடியாகப் போய்விட்டார். பங்களா பூட்டிக் கிடக்கிறது. கத்தரிக்கிறவன் இல்லாததால் செம்பருத்தி காம்பும் இலையுமாக மதில் வரை ஏறிவிட்டது. அந்தப் பக்கம் போகும்போது தேன்சிட்டுகளைப் பார்ப்பேன். சோம்பேறிகள், உட்கார்ந்து குடித்துக்கொண்டிருக்கும்.

போவதற்கு முன்னால் அக்காவுக்கு ஒரு பரிசு அனுப்பியிருந்தார். கல்யாணத்தன்று எடுத்த படம், சட்டம் போட்டு. இரும்புக் கம்பி முடியோடு மாப்பிள்ளை. பிளாஸ்டிக் பூ மாலையில் பெண். நடுவே நாற்காலியில் மாமா. அக்கா மகள் மாமாவின் நெற்றியை நோக்கி விரலை நீட்டிக் குனிந்திருக்கிறாள். நெற்றியில் ஒன்றும் இல்லை. விரல் நுனியிலும் ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் துடைத்துவிட்டிருந்தார், காதால் கேட்ட பிறகும், கண்ணால் பார்த்த பிறகும்.

உடைத்துப் போட்டுவிடுவோம் என்றேன். அக்கா கேட்கவில்லை, கூடத்தில் மாட்டிவிட்டாள். வீட்டுக்கு யார் வந்தாலும் அதைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள், பொண்ணு எதைத் தொடுது என்று. போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த கன்னடக்கார அம்மா வந்தபோதும் அதே கேள்விதான். அக்கா அவருக்குக் காபி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். தன் புருவத்துக்கு மேலே விரலை வைத்துக் காட்டி, பாதி கன்னடமும் பாதி தமிழுமாக, "இல்லி, இங்க, எங்க ஊட்டுக்காரருக்கு ஒண்ணு இருந்திச்சு" என்று ஆரம்பித்தாள்.